நடுவழியில் ஒரு ஏரி

போன சனிக்கிழமை மத்தியானம் என் தம்பி தவம் ஓர் ஏரியின் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தான்.

சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். சுற்றிக்கொண்டிருந்தான். நின்ற இடத்திலேயே, பம்பரம் மாதிரி. அவன் இருந்த வள்ளத்தின் முன்பக்கத்தில் எத்தியென் இருந்தான். இரண்டு வருடமாக முகத்தில் விழிக்கமாட்டேன் என்று தம்பி சொல்லி வந்த அதே எத்தியென்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் தம்பியைத் தெரியும். வாசலில் பனியைக் கொட்டினார் என்று அயல்வீட்டுக்காரரோடு மாசி மாதம் முழுக்க மல்லுக்கட்டினான் என்று எழுதினேனே... அவன்தான். மொன்றியலுக்குப் பக்கத்தில், புரோசார்டில் வீடு. நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல்காரன். ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். அது பிழையான முடிவு என்றால் இன்னும் உறுதியாக நிற்பான்.

அவனுக்கு ஒரே பிள்ளை, நிரோஷி. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்தாள். படிப்பு முடிந்து கியூபெக் நகரத்தில் மண் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. போனாள். வேலையோடு எத்தியெனும் கிடைத்தான். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணம்? ‘அதற்கென்ன அவசரம்’ என்பது இந்த மாகாணத்தின் மனநிலை. தம்பியின் மனநிலை அதுவல்ல.

“கலியாணம் கட்டாமல் ஒருத்தனோட இருக்கிறவள் என்ர வீட்டு வாசலுக்கு வரக்கூடாது” என்றான் அவன்.

“அப்ப நீங்கள் என்ர வீட்டுக்கு வாங்கோ, அப்பா” என்றாள் அவள்.

“உன்ர வீட்டுப் படி நான் மிதிக்கமாட்டன்.”

அவ்வளவுதான். இரண்டு வாசல்களும் அடைபட்டன. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இடையில் ஓடித் திரிந்தவள் தம்பியின் மனைவி சுகந்தி. மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி மகளிடம் போவாள். திரும்பி வந்து, கேட்காத மாதிரி தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவனுக்கு எல்லாவற்றையும் சொல்லுவாள். அவன் சுவரைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளை அடுத்த மாதம் மகளிடம் கொண்டுபோவாள். இந்தக் கோடையில் ஒருநாள் எனக்கு ஃபோன் எடுத்தாள்.

“மச்சாள், நான் இனிப் பஸ் ஏறமாட்டன்.”

“ஏன், முழங்கால் நோவே?”

“இல்லை. வாய் நோகுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. “அப்பனும் மகளும் கதைக்கிறதெண்டால் கதைக்கட்டும். இல்லையெண்டால் விடட்டும். நான் கதை சுமந்து காவினது காணும்” என்றாள். இப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. அழுதிருந்தாலாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். களைத்துப்போன ஒருத்திக்கு என்ன சொல்வது?

அப்போதுதான் நிரோஷி எனக்கு ஒரு யோசனை சொன்னாள். மொன்றியலுக்கும் கியூபெக் நகரத்துக்கும் நடுவில், கொஞ்சம் வடக்கே, லா மொரிசி என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. காடும் ஏரிகளும் அருவிகளும். அவள் அங்கிருந்து கார் ஓட்டினாலும் நாங்கள் இங்கிருந்து ஓட்டினாலும் ஏறக்குறைய ஒரே தூரம். அங்கே சந்திக்கலாமே?

தம்பி சம்மதிக்கமாட்டான் என்று நான் பந்தயம் கட்டாத குறை. ஆனால் அவன் யோசித்தான். பிறகு, ஒரு வழக்கறிஞர் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்:

“நான் அவளிட்டப் போகேல்லை. அவள் என்னட்ட வரேல்லை. ரெண்டு பேரும் பார்க்குக்குப் போறம். அதிலை ஒரு பிழையும் இல்லை.”

ஒரே ஒரு நிபந்தனை. உந்தப் பெடியன் வரக்கூடாது.

சனிக்கிழமை காலை ரொக்ஸ்பரோவில் இருக்கும் என் வீட்டிலிருந்து புரோசார்ட் போய் அவர்களை ஏற்றினேன். நான் ஏன் ஓட்டினேன்? கோபம் வந்தால் பாதிவழியில் காரைத் திருப்பிவிடுவான் என்று சுகந்திக்குப் பயம். கார் முழுக்க மணம். விடியமுன் எழும்பிச் சமைத்திருக்கிறான். கட்லட், ஆட்டிறைச்சி ரோல்ஸ், இறால் பொரியல், இடியப்பம். பின் இருக்கையில் சுகந்தியின் மடியில் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு பெட்டி.

“ஆருக்கடா இவ்வளவும்?” என்று கேட்டேன்.

“ஃப்ரிட்ஜில கிடந்தது. பழுதாகப்போகுது எண்டு செய்தன்.”

இறால் அவ்வளவு சிவப்பாக, அவ்வளவு புதிதாக இருந்தது. நிரோஷிக்கு இறால் என்றால் உயிர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் சாலை வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் மரங்களுக்கு இடையே ஓர் ஏரி மின்னிவிட்டு மறையும். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது எனக்குத் தெரியாது. நம்மவர்களுக்குத் தெரிந்த பாதை எல்லாம் டொரொண்டோவுக்குப் போகும் பாதைதானே!

கார் தரிப்பிடத்தில் நிரோஷி நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், காரின் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு, உயரமாக, தாடியோடு, வெயிலில் சிவந்த மூக்கோடு... எத்தியென்.

தம்பி பெல்ட்டைக் கழற்றவில்லை.

“சொன்னது என்ன? நீ மட்டும் எண்டுதானே சொன்னது?” — இதை அவன் மகளிடம் கேட்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு, சுகந்தியிடம் கேட்டான்.

சுகந்தி வாயைத் திறக்கவில்லை. வாய் நோகிறது என்று சொன்னவள் அல்லவா? சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

நிரோஷிதான் கார் யன்னலுக்கு அருகே வந்தாள். “ஓம், அப்பா. தனிய வாறன் எண்டுதான் முதல் நினைச்சனான். பிறகு யோசிச்சன். நான் ஒருத்தரையும் ஒளிச்சு வைக்கேல்லை. ஒளிச்சு வைக்கமாட்டன்.”

எத்தியென் கையை நீட்டினான். “போன்ஜூர், மிஸ்யூ.” பிறகு, மனப்பாடம் செய்ததுபோல, “வணக்கம்.”

தம்பி அந்தக் கையைப் பார்த்தான். காரை விட்டு இறங்கினான். கையைத் தாண்டி நடந்து ஏரிக்கரையில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எத்தியென் நீட்டிய கையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இனி அருவி விஷயம். நாங்கள் பார்க்கப் போன அருவிக்குக் காரில் போக முடியாது. முதலில் ஏரியைக் கடக்க வேண்டும், கனூ என்ற ஒல்லி வள்ளத்தில். பிறகு காட்டுக்குள் நடக்க வேண்டும். நிரோஷி இரண்டு கனூ எடுத்து வைத்திருந்தாள். ஐந்து பேர். ஒன்றில் மூன்று, மற்றதில் இரண்டு.

“அம்மாவும் மாமியும் என்னோட” என்றாள். மற்ற இரண்டு பேர் யார் என்று அவள் சொல்லத் தேவையில்லை.

“நான் வரேல்லை” என்றான் தம்பி.

“அப்ப காருக்குள்ள இருங்கோ” என்றாள் சுகந்தி. “சாப்பாட்டுப் பெட்டி எங்களோட வருது.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயப்படுத்தியிருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினான். அவனுடைய வயிற்றுக்கு அது பூட்ட முடியவில்லை. எத்தியென் ஓடிப்போய்ப் பெரிய அளவில் ஒன்று வாங்கி வந்தான். தம்பி நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டான்.

சரி, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கூட இருக்கிறானே, அவன் துடுப்புப் போடுவான், இவன் சும்மா இருப்பான் — நாங்கள் எல்லோரும் நினைத்தது அதுதான். கனடாவில் பிறந்த வெள்ளைக்காரர் எல்லோரும் கையில் துடுப்போடு பிறக்கிறார்கள் என்று நமக்கு ஓர் எண்ணம் இருக்கிறதே!

நிரோஷி துடுப்புப் போட, எங்கள் கனூ அம்பு மாதிரிப் போனது. திரும்பிப் பார்த்தால் அவர்களுடையது சுற்றுகிறது. இரண்டு பேரும் வலப்பக்கம் துடுப்புப் போடுகிறார்கள். பிழை விளங்கி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் மாறுகிறார்கள். இப்போது மறுபக்கமாகச் சுற்றுகிறது.

“பிள்ளை, அவருக்கு உது தெரியாதே?” என்று கேட்டேன்.

“மாமி, அவன் அக்கவுண்டன்ட். அபார்ட்மென்டில வளர்ந்தவன். அவனுக்கு பஸ் பிடிக்கத் தெரியும்.”

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அந்த நாளின் முதல் சிரிப்பு. சுகந்திகூடச் சிரித்தாள்.

அதற்குள் தம்பியின் குரல் தண்ணீர் மேல் கேட்டது. “அ கோஷ்! அ கோஷ்! இப்ப அ துருவாத்!” — இடது, இடது, இப்போது வலது. அவனுடைய பிரெஞ்சு முழுவதும் குசினியில் படித்தது. அந்தப் பிரெஞ்சில் அரசியல் பேச முடியாது, ஆறுதல் சொல்ல முடியாது, மருமகனிடம் சுகம் விசாரிக்க முடியாது. ‘கெதியா’, ‘பின்னால ஆள்’, ‘சூடு, கவனம்’ — இவ்வளவுதான் முடியும். எத்தியெனுக்கோ ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. ஆக, அந்த வள்ளத்துக்குள் இருந்த ஒரே பொதுமொழி குசினி மொழி.

மறுகரை மணலில் நாங்கள் ஏறியபோது காற்று எழும்பியது. நீளமான, ஒடுங்கிய ஏரி அது. இரண்டு பக்கமும் பாறை மதில். காற்று ஒரு குழாய்க்குள் வருவதுபோல வந்தது. தண்ணீரில் வெள்ளை நுரை தெரிந்தது. அவர்களுடைய கனூ எங்களை நோக்கி வராமல் பக்கவாட்டில் போகத் தொடங்கியது. துடுப்புகள் இப்போது தாறுமாறாக அடித்தன. ஒரு பாறை முனை. அதைச் சுற்றி வள்ளம் போனது. மறைந்தது.

முதலில் நாங்கள் அலட்டிக்கொள்ளவில்லை. வருவார்கள் என்று பார்த்தோம். வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். காற்று எங்கள் சத்தத்தை எங்கள் வாயிலேயே திருப்பிப் போட்டது. ஃபோனில் சிக்னல் இல்லை. வேறு வள்ளம் ஒன்றும் கண்ணில் படவில்லை.

“அப்பாவுக்கு நீந்தத் தெரியாது” என்றாள் நிரோஷி.

“ஜாக்கெட் போட்டிருக்கிறார்தானே” என்றேன்.

“மாமி, அவர் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை இன்னும்.” அவள் அந்தப் பாறை முனையைப் பார்த்தபடி நின்றாள். “காரிலை இருந்து இறங்கி, என்னைத் தாண்டிப் போனவர். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.”

அந்தக் கணத்தில்தான் எனக்கும் பயம் பிடித்தது. ஆண்கள் இருவரும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது ஒரு பயம். இரண்டு வருடம் பேசாமல் இருந்ததே கடைசிப் பேச்சாகிவிடுமோ என்பது வேறு பயம். நாம் கோபத்தில் கதவை அடைக்கும்போது, நாளைக்குத் திறக்கலாம் என்ற நம்பிக்கையில்தானே அடைக்கிறோம்? அந்த நாளை எவர் நமக்கு எழுதித் தந்தது?

சுகந்தி பெட்டிகளை மணலில் வைத்தாள். செருப்பை இறுக்கிக்கொண்டு கரையோரமாக நடக்கத் தொடங்கினாள். அவள் பின்னால் நாங்கள். பாதை என்று ஒன்று இல்லை. பற்றை, வேர், வழுக்கும் கல். ஓரிடத்தில் நான் முழங்கால் அடிபட விழுந்து, நிரோஷி தூக்கிவிட்டாள். அந்தப் பாறை முனையைச் சுற்ற எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிடம்தான் இருக்கும் என்று பிறகு நிரோஷி சொன்னாள். நான் நம்பவில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது.

“வித்! வித்! அத்தான்சியோ!”

தம்பியின் குரல். கெதியா, கெதியா, கவனம்! என்கிறான். சுகந்தி பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பிறகு இன்னொரு குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் பலமாக: “வி, ஷெஃப்!” — ஓம், தலைமைச் சமையல்காரரே.

எட்டிப் பார்த்தோம். ஒரு சின்ன வளைவு. விழுந்த மரங்கள் தண்ணீருக்குள் கிடந்தன. அவற்றுக்கிடையில் கனூ பாதி சரிந்து செருகியிருந்தது. இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில். எத்தியென் முன்னால் இழுக்க, தம்பி பின்னால் தள்ளுகிறான். தம்பியின் கண்ணாடி ஒரு காதில் தொங்குகிறது. எத்தியெனின் முழங்கையில் இரத்தம்.

“அ கோஷ்!”

“வி, ஷெஃப்!”

“தூஸ்மோ! தூஸ்மோ!” — மெதுவாக, மெதுவாக.

“வி, ஷெஃப்!”

கனூ மரத்தை விட்டு விலகி மிதந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. மூச்சு வாங்கினார்கள்.

நிரோஷி சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி ஓடினாள். “உங்களுக்கு விசரே, அப்பா? நீந்தத் தெரியாத ஆள், கரையில ஏறி நிக்கிறதுக்கென்ன? வள்ளம் போனால் போகட்டும்!” கத்தினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மகள் அப்பனோடு மனம் திறந்து பேசிய பேச்சு அது.

தம்பி கண்ணாடியைச் சரிசெய்தான். “வராதை, பிள்ளை. தண்ணி குளிர்” என்றான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பன் மகளோடு பேசியது அது.

பிறகு அவள் வந்தாள், அவன் நின்றான், அவள் அவனுடைய ஈர லைஃப் ஜாக்கெட்டில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். அவனுக்குக் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு கையால் கனூவைப் பிடித்திருந்தான், அது ஓடிவிடும் என்று. எத்தியென்தான் வந்து கனூவை வாங்கிக்கொண்டான்.

அருவிக்குப் போகவேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன். சுகந்தி விடவில்லை. “வந்தது வந்தாச்சு. பார்த்திட்டுப் போவம்.” ஆகவே நடந்தோம். ஆண்கள் இருவரும் சப்பாத்தில் தண்ணீர் சளக்குச் சளக்கென்று நடந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அருவி கண்ணில் படமுதல் காதில் விழுந்தது. பிறகு மரங்கள் விலகின. பாறைப் படிகளில் விசிறி மாதிரி விரிந்து விழும் வெள்ளைத் தண்ணீர். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. முகத்தில் தூவானம் அடித்தது.

அந்த இடத்தின் சிறப்பு என்ன தெரியுமா? ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எங்கள் குடும்பத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. பாறையில் வரிசையாக இருந்தோம். பெட்டிகள் திறந்தன. தம்பி இறால் பெட்டியை மகளின் மடியில் வைத்துவிட்டு அருவியைப் பார்த்தான். ரோல்ஸை எத்தியென் கடித்தான், உறைப்பில் கண்ணீர் வந்தது, இன்னொன்று எடுத்தான். தம்பி அவன் பக்கம் திரும்பாமலே தண்ணீர்ப் போத்தலைத் தள்ளிவிட்டான்.

இதில் கதை முடிந்து, எல்லோரும் கட்டிப்பிடித்து, மாப்பிள்ளை என்று கூப்பிட்டு... இல்லை. என் தம்பியை உங்களுக்குத் தெரியாதா? திரும்பி வந்து கார் தரிப்பிடத்தில் விடைபெற்றபோது மகளிடம், “அங்க நல்ல மரக்கறி கிடைக்குதே?” என்று கேட்டான். “வந்து பாருங்கோவன்” என்றாள். அவன் வெறும் பெட்டிகளைக் காருக்குள் வைத்தான். எத்தியென் இந்த முறை கையை நீட்டவில்லை, பயந்திருப்பான். தம்பி அவனுடைய முழங்கைக் காயத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “மருந்து போடச் சொல்லு” என்று மகளிடம் சொன்னான். கையை உடனே விடவில்லை. அவ்வளவுதான். ஒரு கார் கிழக்கே போனது. ஒரு கார் மேற்கே.

மூன்று ஆறுகள் என்று பெயர் வைத்த ஊரைத் தாண்டினோம். சுகந்தி பின்னால் நித்திரை. தம்பி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தான். பிறகு சொன்னான்:

“அக்கா, அந்தப் பெடியன் என்னை ஷெஃப் எண்டு கூப்பிட்டவன்.”

“கேட்டது.”

“படிக்கேக்க ரெஸ்டோரண்டில கோப்பை கழுவினவனாம். அதுதான் பழக்கத்தில வந்தது எண்டான். நானும் கோப்பை கழுவ வந்தனான்தானே. முப்பது வருசம். இருபது வயசுப் பெடியனுக்கும் நான் ‘வி, ஷெஃப்’ எண்டு சொல்லியிருக்கிறன். எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.”

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். வேறென்ன செய்வது? அவன் முகத்தைப் பார்த்தால் அவன் வெட்கப்படுவான்.

நாலைந்து நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தம்பி வீட்டு ஹோலில் இந்தச் சந்திப்பு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் வீட்டுக்காரன், நடுவில் உள்ள பெரிய கதிரை அவனுக்கு. எத்தியென் நுனியில் இருந்து தேநீர் குடித்திருப்பான். மகள் வீட்டில் நடந்திருந்தால் தம்பி சப்பாத்தைக்கூடக் கழற்றியிருக்கமாட்டான். வீடு என்று வந்தால் ஒருவர் உபசரிப்பவர், ஒருவர் வந்தவர். யார் யாரிடம் போனது என்ற கணக்கு வந்துவிடுகிறது. அந்த ஏரி இருவருக்கும் சொந்தமில்லை. இருவருக்கும் அதில் வள்ளம் ஓட்டத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் மனிதர்கள் கொஞ்சம் சின்னவர்களாகிவிடுகிறார்கள். சின்னவர்களானால் கொஞ்சம் நெருக்கமாக இருக்கலாம் போலிருக்கிறது.

நேற்றுச் சுகந்தி ஃபோன் எடுத்தாள். இன்னும் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் இலைகள் சிவக்கும்போது அதே பார்க்கில் மறுபடி சந்திப்பதாக முடிவாகியிருக்கிறது. அதை அவள் காவிக் கொண்டுபோகவில்லை. அப்பனும் மகளும் ஃபோனில் தாங்களே கதைத்துத் தீர்த்தார்களாம். எத்தியெனும் வருகிறான்.

கனூ மட்டும் வேண்டவே வேண்டாம் என்று மாமனாரும் மருமகனும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்களாம். குடும்பம் என்றால் ஏதாவது ஒன்றிலாவது ஒற்றுமை வேண்டாமா?